இடப்பக்கம் பார்த்த முடிச்சு

தாராவியில் ரெக்ஸின் பை தைக்கிற பெண்கள் எல்லோரும் தையல் முடிந்ததும் நைலான் நூலை வெட்டி, நுனியை லைட்டரால் சுட்டு, கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு அடுத்த பைக்குப் போய்விடுவார்கள். கனகவள்ளி மட்டும் போக மாட்டாள். நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, அடியில் நுழைத்து இழுத்து, முடிச்சுப் போட்டு, அதன் வாலைக் கொஞ்சம்போல வலப்பக்கம் விட்ட பிறகுதான் அந்தப் பையைக் கீழே வைப்பாள். பட்டறைக்காரர் தௌசீப் "ஜல்தி, அக்கா, ஜல்தி" என்று தலையில் அடித்துக்கொண்டு பார்த்தார். "சுட்ட நூலு ஒரு மழைக்குப் பிரிஞ்சிரும் பாய், என் முடிச்சு பிரியாது" என்று சொல்லிவிட்டு அவள் தன்பாட்டில் இருந்தாள். அப்படியொரு பிடிவாதக்காரி. வாய்த்துடுக்கும் உண்டு. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பி வந்தவர்கள் அந்தச் சந்தில் குறைவு.

இப்பேர்ப்பட்டவள் ஒரு கால்குலேட்டரைப் பார்த்துப் பயந்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான்.

அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். இளையவள் மாலதி, அம்மாவோடு மல்லுக்கு நின்றுகொண்டு கீழே பாயில் படுக்கிறாள். மூத்தவள் ஸ்ரீதேவி, மச்சுக்கு ஓரமாகக் கயிற்றில் தொங்குகிற ஓலைப்பெட்டியில் இருக்கிறாள்.

பதற வேண்டாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த அந்தக் குடும்பங்களில் கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். அவள் வீட்டுக் கன்னி ஆகிவிடுவாள். அவளுக்கென்று ஒரு பெட்டி. அதில் பாவாடை தாவணி, கண்ணாடி வளையல், ரிப்பன், மை, பவுடர் எல்லாம் இருக்கும். தை மாதக் கடைசி வெள்ளிக்குப் பெட்டியை இறக்கி, புதுத் துணி வைத்து, போன வருஷத் துணியை எடுத்து வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுப்பார்கள். மற்ற நாளில் யாரும் பெட்டியைத் தொடக் கூடாது. ஸ்ரீதேவியின் பெட்டியில் இவற்றோடு கூட ஒரு கால்குலேட்டரும் இருந்தது.

சாதாரணக் கால்குலேட்டர் இல்லை. கிராஃப் போடுகிற கால்குலேட்டர். கணக்கைத் தட்டினால் விடையோடு நிற்காமல் கண்ணாடியில் கோடு வரைந்து காட்டும். ஸ்ரீதேவி கணக்கில் புலி. செம்பூரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டுக் காலேஜுக்குப் போக உலகம் முழுக்க ஒரே மாதிரியாக நடத்துகிற கணக்குப் பரீட்சை ஒன்று இருக்கிறதாம். அதற்கு அந்தக் கால்குலேட்டர் இல்லாமல் முடியாதாம். பள்ளிக்கூடமே அவளுக்கு ஒன்று கொடுத்தது. பட்டறையில் மிஞ்சிய மெரூன் ரெக்ஸினில் கனகவள்ளி அதற்கு ஓர் உறை தைத்தாள். கறுப்பு நூல் தீர்ந்துபோய் மஞ்சள் நூலில் தைத்தாள்.

ஒருநாள் உறையின் மூலை பிரிந்தபோது ஸ்ரீதேவி தானே தைத்துக்கொண்டாள். அம்மாவின் முடிச்சைக் கற்றுக்கொண்டவள் இந்த உலகத்திலேயே அவள் ஒருத்திதான். ஆனால் பிள்ளைக்கு இடதுகைப் பழக்கம். சுற்று எதிர்ப்பக்கம் போய், வால் இடப்பக்கம் பார்த்தது. "ஏட்டி, என் முடிச்சு வீட்டுக்குள்ள பாக்குது, ஒன் முடிச்சு வாசலைப் பாக்குது. ஓடிருவியோ?" என்று கனகவள்ளி கேலி செய்தாள். ஏன் அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னோம் என்று பிற்பாடு நாக்கைக் கடித்துக்கொண்டு எத்தனை முறை அழுதிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

பரீட்சைக்கு முந்தின வாரம் டெங்குக் காய்ச்சல் வந்து ஸ்ரீதேவி போய்விட்டாள். வகுப்பில் மயங்கி விழுந்தவளை நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். மேசையில் கிடந்த அவள் சாமான்களைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார்கள். புத்தகம் வந்தது, தண்ணீர் பாட்டில் வந்தது, கால்குலேட்டரும் வந்தது. உறை மட்டும் வரவில்லை. கனகவள்ளி கேட்டுப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை. சரி, உறை இல்லாமலேயே இருக்கட்டும் என்று அந்தக் கால்குலேட்டருக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

இதுவரைக்கும் நடந்தது எந்த வீட்டிலும் நடக்கக் கூடியதுதான். இந்த வருஷத் தை வெள்ளியில்தான் அது வேறு மாதிரி ஆயிற்று.

கனகவள்ளியின் நாத்தனார் சொர்ணம்மாள் விக்ரோலியில் இருக்கிறாள். கன்னி அவள் மேல்தான் வரும். வழக்கமாக வந்தால் கொஞ்சநேரம் ஆடிவிட்டு, பூ கேட்கும், பால் கேட்கும், "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு மலையேறிவிடும். இந்த முறை ஆட்டமே இல்லை. சொர்ணம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடியே இருந்தாள். பிறகு, இடதுகை ஆட்காட்டி விரலால் தரையில் எதையோ தட்டினாள். கட்டம் கட்டமாக, பொத்தானை அமுக்குகிற மாதிரி. தட்டிக்கொண்டே சின்னக் குரலில், "எனக்குக் கணக்கு முடியலம்மா" என்றாள்.

கனகவள்ளி பயந்துபோனாள். கணக்கு முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஆள் செத்தால் "கணக்கு முடிஞ்சிட்டு" என்றுதானே நாம் சொல்கிறோம்? செத்தவளே வந்து முடியவில்லை என்றால்? தெளிந்து எழுந்த சொர்ணம்மாளும் அதைத்தான் சொன்னாள்.

"மைனி, சொல்லுதேன்னு கோவிச்சுக்காத. அவ கணக்குல இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அதை எடுக்காம விட மாட்டா. சின்னவள பத்திரமா பாத்துக்க."

மாலதிக்கு இப்போது அக்காவின் அதே வயது. அதே பள்ளிக்கூடம். அதே பரீட்சை வருகிற மே மாதத்தில்.

"அத்தை, ச்சும்மா டென்ஷன் பண்ணாதீங்க" என்றாள் மாலதி. "அக்கா மேத்ஸத்தான் சொல்லுதா. அவ எக்ஸாம் எழுதாமலே போயிட்டாள்லா, அதான் கணக்கு முடியலங்கா."

"வாய மூடுட்டி" என்று கனகவள்ளி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு டிவியை அணைத்துவிட்டார்கள்.

அன்று முதல் கனகவள்ளிக்கு ஒரே நினைப்புதான். மாலதி அந்தப் பரீட்சைக்குப் போகக் கூடாது. படிக்கட்டும், இங்கேயே ஏதாவது காலேஜில் சேரட்டும், உயிரோடு இருக்கட்டும். ஆனால் பிள்ளை கேட்கிற ரகமா? அம்மாவுக்குப் பிறந்தவள் அல்லவா? கால்குலேட்டர் வேண்டும் என்று வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் இப்போதெல்லாம் கொடுப்பதில்லையாம், அவரவரே கொண்டு வர வேண்டுமாம்.

"பெட்டியில அக்காவோடது சும்மாதானம்மா கெடக்கு?"

"அது கன்னியோடது. தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

"அப்ப வேற வாங்கிக் குடு."

வாங்கிக் கொடுக்காமல் இழுத்தடித்தால் பரீட்சை தேதி போய்விடும் என்று கனகவள்ளி கணக்குப் போட்டாள். இழுத்தும் பார்த்தாள். மாலதி சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டுக் குப்புறப் படுத்தாள். கனகவள்ளியின் புருஷன் இசக்கிப்பாண்டி விக்ரோலியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். அவரே, "கடையில போயி சும்மா பாத்துட்டாவது வா" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் மகளும் மாட்டுங்காவுக்கு நடந்தார்கள். என்னத்தைக் காட்டினாலும் ஏதாவது குறை சொல்லித் திரும்பிவிடுவது என்று கனகவள்ளி முடிவோடுதான் போனாள்.

பூக்கடைகளைத் தாண்டி, கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் சிவகுருநாதன் கடை. பள்ளிக்கூடச் சாமான், ஜியாமெட்ரி பாக்ஸ், சோதனைச்சாலைக் குழாய்கள் எல்லாம் விற்கிறவர். பரீட்சை முடித்த பிள்ளைகளிடம் கால்குலேட்டரை வாங்கி, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு விற்பதும் உண்டு. மூக்கு நுனியில் கண்ணாடி, நெற்றியில் திருநீறு.

"வாங்கம்மா. எந்தப் பரீட்சைக்கு? லிஸ்ட் இருக்கா?"

மாலதி போனில் காட்டினாள். அவர் ஒரு கால்குலேட்டரை எடுத்து வைத்தார். வண்ணத் திரை, பளபளவென்று இருந்தது. மாலதி ஆசையாக எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். "இது எக்ஸ், ஒய் எல்லாம் அதுவே சால்வ் பண்ணிரும் அங்கிள். இதை உள்ள விட மாட்டாங்க." இரண்டாவதை எடுத்தார். அதில் அவள் எதையோ தட்டிக் கோடு போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் நடுநடுவே வரிகள் செத்திருந்தன. கோடு ஓடி வந்து ஒரு பள்ளத்தில் விழுந்து அடுத்த பக்கம் எழுந்தது. "அய்யோ, இதை நம்பிப் போனா ஃபெயில்தான்." கனகவள்ளிக்கு உள்ளூரச் சந்தோஷம். கிளம்பலாம் என்று முந்தானையைச் சரிசெய்தாள்.

"இன்னும் ஒண்ணு கிடக்கு" என்றார் சிவகுருநாதன். குனிந்து அலமாரியின் அடித்தட்டுக்குள் கையை விட்டார். "ரொம்ப நாளா கிடக்கு. வர்ற பிள்ளைகள் எல்லாம் எடுத்துப் பார்க்கும், என்னமோ தெரியலை, திருப்பி வச்சிட்டுப் போயிடும். சாமான் நல்ல சாமான்."

அவர் மேசைமேல் வைத்தது ஒரு மெரூன் ரெக்ஸின் உறை. மஞ்சள் நூல்.

மாலதி கால்குலேட்டரை வெளியே உருவி எடுத்துக்கொள்ள, காலி உறை அம்மாவின் கைக்கு வந்தது. பார்க்கவே வேண்டாம், விரலுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மூலையிலும் தையல் முடிகிற இடத்தில் அவள் முடிச்சு, வால் வலப்பக்கம். நாலாவது மூலையில் பிரிந்து தைத்த இடம். அங்கே ஒரு முடிச்சு, வால் இடப்பக்கம். கனகவள்ளி கட்டைவிரலை அதன் மேல் வைத்தபடியே நின்றாள்.

"இது ஒங்களுக்கு எப்படி வந்துது அண்ணாச்சி?"

"யாரோ பரீட்சை முடிச்ச பிள்ளை வித்துட்டுப் போச்சும்மா. யாருன்னு இப்ப எங்க ஞாபகம் இருக்கு?"

அப்படியென்றால் அன்றைக்கே மாறிப் போயிருக்கிறது. மேசையில் பக்கத்துப் பிள்ளையின் கால்குலேட்டர் இவர்கள் பைக்குள் வந்திருக்கிறது, ஸ்ரீதேவியுடையது உறையோடு அந்தப் பிள்ளையிடம் போயிருக்கிறது. இத்தனை வருஷமாக யாரோ பெற்ற பிள்ளையின் கால்குலேட்டருக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறாள். தன் பிள்ளையுடையது இந்தக் கடையின் அடித்தட்டில், இருட்டில், தங்கச்சிக்கு அந்த வயது வரட்டும் என்று கிடந்திருக்கிறது. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

"எம்மா, இங்க பாரேன்!" மாலதி பொத்தானை அமுக்கியதும் திரையில் தானாகவே ஒரு கோடு ஓடியது. இடப்பக்கம் உயரத்திலிருந்து சரிந்து வந்து, அடிக்கோட்டை ஒட்டி, வலப்பக்க ஓரம்வரை போய் நின்றது.

"பழைய ஆள் போட்டு வச்சது. அழிச்சுக்கலாம்" என்றார் சிவகுருநாதன்.

"அழிக்க வேண்டாம் அங்கிள், அழகா இருக்கு. இது எவ்வளவு தூரம் போனாலும் கீழ் லைனைத் தொடாதும்மா, தெரியுமா? கிட்ட கிட்டப் போய்க்கிட்டே இருக்கும். கண்ணுக்குத் தொட்ட மாதிரி தெரியும். பெருசாக்கிப் பாத்தா, ம்ஹூம், தொட்டிருக்காது." அவள் பெரிதாக்கிக் காட்டினாள். உண்மைதான். அடிக்கோட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம் நின்றது. "பட்டனெல்லாம் எனக்குன்னே பழகின மாதிரி இருக்கும்மா. இதுதான் வேணும்."

"வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். நட."

"இந்த உறை நீ தைச்ச மாதிரியே இருக்கேம்மா..."

"ஊர்ல எல்லாவளுந்தான் தைக்கா. நடங்கேன்!" அவள் உறையை மேசையில் போட்டாள். போடும்போது வலித்தது. சூடான பாத்திரத்தைத் தூக்குகிற மாதிரி எடுப்பதும் விடுவதுமாக இரண்டு தரம் போட்டாள். மாலதியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வழியெல்லாம் மகள் அழ, மற்றவர்கள் பார்க்க, தாராவிக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த வேகத்தில் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மாலதியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அக்காவுடையது என்று தெரிந்ததும் அவள் அழுகை நின்றுவிட்டது. பயப்படுவாள் என்று பார்த்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அக்காதான் எனக்குக் குடுக்கா" என்றாள். கனகவள்ளி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அவ குடுக்கல, கூப்பிடுதா! ஒனக்கு வெளங்கலையா? நான் ஒண்ணைக் குடுத்துட்டேன். இன்னொண்ணைக் குடுக்க மாட்டேன். அவ சாமியா இருந்தாலும் சரி, என் வயித்துல பெறந்தவளா இருந்தாலும் சரி, குடுக்க மாட்டேன்!"

பிறகு இசக்கிப்பாண்டிதான் மெதுவாகச் சொன்னார். "நீ ஒண்ணு சொல்லுத, பிள்ளை ஒண்ணு சொல்லுதா. பேசாம அவகிட்டயே கேட்டுருவோம் கனகம். பூக்கட்டிப் பாரு."

பூக்கட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. வெள்ளை வந்தால் மாலதி அந்தக் கால்குலேட்டரோடு பரீட்சைக்குப் போவாள். சிவப்பு வந்தால் பரீட்சையே இல்லை.

"செவப்பு வந்தா நான் அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்" என்றாள் மாலதி. "வெள்ளை வந்தா நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. பக்கா?"

"பக்கா" என்றாள் கனகவள்ளி. அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று நீங்கள் யோசிக்க வேண்டும். அவர்கள் யோசிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மாலதி குளிக்கப் போன நேரம். இசக்கிப்பாண்டி வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். கனகவள்ளி பெட்டியை இறக்கி வைத்து விளக்கேற்றினாள். வாங்கி வந்த பூக்கூறில் செவ்வரளியும் இருந்தது, நந்தியாவட்டையும் இருந்தது. தேக்கிலை இரண்டை எடுத்தாள். ஒன்றில் செவ்வரளி வைத்து மடித்தாள். இன்னொன்றை விரித்து வைத்துக்கொண்டு கதவுப்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அதிலும் செவ்வரளியையே வைத்து மடித்தாள். நந்தியாவட்டையை மடியில் செருகிக்கொண்டாள். எதை எடுத்தாலும் சிவப்பு. இரண்டு பொட்டலத்தையும் மஞ்சள் நூலால் சுற்றித் தன் முடிச்சைப் போட்டாள். பட்டறையிலிருந்து கொண்டுவந்த நூல்தான், வேறு நூல் அந்த வீட்டில் ஏது?

தான் பெற்ற சாமியைத் தானே ஏமாற்றுகிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். "என்னை என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோ தாயி, அவள விட்டுரு" என்று பெட்டியைப் பார்த்து உதடு அசையாமல் சொன்னாள். சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. பொட்டலங்கள் அவள் முழங்காலுக்கு நேராகக் கிடந்தன. கண்ணைச் சிமிட்டினாளோ என்னவோ, எழுந்திருக்கவில்லை.

மாலதி ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தாள். கும்பிட்டாள். கையை நீட்டி ஒரு பொட்டலத்தின் மேல் வைத்தவள், என்ன நினைத்தாளோ, அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தாள். நூலை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த முடிச்சு யாருக்கும் அவிழாது. நூலை அப்படியே இலையிலிருந்து உருவிவிட்டு இலையை விரித்தாள்.

வெள்ளை.

நந்தியாவட்டை, அப்போதுதான் பறித்த மாதிரி, ஓர் இதழ்கூட வாடாமல் இருந்தது.

இசக்கிப்பாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாலதி "அக்கா!" என்று கத்திவிட்டுப் பெட்டியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். கனகவள்ளி மடியைத் தடவினாள். பூ இருந்தது. எடுத்துப் பார்க்கத் தைரியம் வராமல் சேலைக்குள்ளேயே விரலால் தடவினாள். நீள இதழ். அரளி.

அவசரத்தில் கை மாறியிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். அவளும் அப்படித்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பயத்தில் இருக்கிறவளுக்குக் கை தடுமாறாதா? மடியில் வைக்க வேண்டியதை இலையில் வைத்து, இலையில் வைக்க வேண்டியதை மடியில் வைத்திருப்பாள். ஆமாம், அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் தெம்பு வந்து, கீழே கிடந்த நூல் வளையத்தை எடுத்தாள். அவளுடைய முடிச்சுதான். இரண்டு சுற்று, அடியில் நுழைத்து இழுத்தது. வால் இடப்பக்கம் பார்த்தது. திருப்பிப் பார்த்தாள், புரட்டிப் பார்த்தாள், எப்படிப் பிடித்தாலும் அது இடதுகை போட்ட முடிச்சு. பிரிக்காமல் கிடந்த இன்னொரு பொட்டலத்தைப் பார்த்தாள். அதில் வால் வலப்பக்கம் இருந்தது.

கனகவள்ளி வாய்விட்டு அழுதாள். பயத்தில் அழுகிறாளா, தன் பிள்ளையின் கைவேலையை இத்தனை காலத்துக்குப் பிறகு புதுசாகப் பார்த்த சந்தோஷத்தில் அழுகிறாளா என்று பக்கத்திலிருந்த இருவருக்கும் தெரியவில்லை. அவளுக்குமே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். பக்கா என்று சொன்ன வாயால் அதற்குப்பிறகு அவள் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அன்றைக்கே மாட்டுங்காவுக்குப் போய் அந்தக் கால்குலேட்டரை வாங்கி வந்தாள்.

பரீட்சை நாளன்று செம்பூரில் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். மாலதி உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, "வாரேம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மே மாத வெயில் கொளுத்தியது. வாட்ச்மேன் நிழலில் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. டீ குடிக்கச் சொன்னார், குடிக்கவில்லை. உள்ளே மணி அடித்த ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை மயங்கி விழுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள்.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கூட்டத்தில் மாலதியும் வந்தாள். முழுசாக, வேர்த்து விறுவிறுத்து, பசி பசி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கனகவள்ளி நடுத்தெருவில் அவள் முகத்தை, தோளை, கையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எம்மா, ச்சீ, எல்லாரும் பாக்காங்க! நல்லா எழுதிருக்கேன். ஒண்ணு விடாம எழுதிட்டேன். கணக்கு முடிஞ்சிட்டு."

கணக்கு முடிஞ்சிட்டு. கனகவள்ளி அந்த வார்த்தையை இப்போது வேறு மாதிரி கேட்டாள். மாலதி அன்றைக்கே சொன்னாளே, மேத்ஸத்தான் சொல்லுதா என்று. பரீட்சை எழுத முடியாமல் போன பிள்ளை, கணக்கு முடியலம்மா என்று அம்மாவிடம் வந்து சொல்லியிருக்கிறது. அதைப் போய் எமன் என்று நினைத்துப் பயந்து, பூவில் கள்ளம் செய்து, பெற்ற பிள்ளையையே விரட்டப் பார்த்தோமே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

"ஒரே ஒரு பேட் நியூஸ்" என்றாள் மாலதி, வடாபாவைக் கடித்துக்கொண்டே. "உள்ள போறதுக்கு முந்தி மேடம் எல்லாரோட கால்குலேட்டரையும் வாங்கி மெமரிய அழிச்சிட்டாங்க. அதான் ரூல். காப்பி அடிக்கக் கூடாதுல்லா? அக்கா போட்ட கோடு போயிட்டு."

"அழிச்சிட்டாவளா?"

"முழுசா. இப்பப் புதுசு மாதிரி இருக்கு பாரு."

அவள் பொத்தானை அமுக்கிக் காட்டினாள். திரை வெளிச்சமாக இருந்தது. அடிக்கோடு மட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கிடந்தது. அதன் கிட்டே எதுவும் வரவில்லை. கனகவள்ளி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உறையை வாங்கித் தானே அதற்குள் போட்டாள்.

அடுத்த தை வருவதற்குள் மாலதிக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்துவிட்டது. கடைசி வெள்ளியன்று பெட்டியை இறக்கினார்கள். யாரோ பிள்ளையின் கால்குலேட்டரை எடுத்துவிட்டு, மெரூன் உறையோடு ஸ்ரீதேவியுடையதை வைத்தார்கள். புதுத் தாவணி வைத்தார்கள். சொர்ணம்மாள் விக்ரோலியிலிருந்து வந்து, குளித்து, ஈரச்சேலையோடு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். சாம்பிராணி போட்டார்கள். கனகவள்ளி வாய்விட்டே கூப்பிட்டாள். "வா தாயி, வா. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன், வா." கற்பூரம் எரிந்து அணைந்தது. இன்னொன்று ஏற்றினார்கள், அதுவும் அணைந்தது. சொர்ணம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வரல மைனி. என் ஒடம்புல ஒண்ணுமே தெரியல. கணக்கு முடிஞ்சிட்டுல்லா, பொறவு என்னத்துக்கு வருவா?"

நல்லதுதானே என்று எல்லோரும் சொன்னார்கள். கனகவள்ளியும் ஆமாம் என்று தலையாட்டினாள். பெட்டியை மூடி, மஞ்சள் நூலால் சுற்றி, தன் முடிச்சைப் போட்டு மேலே ஏற்றினாள். வாலை வலப்பக்கம் விட்டாள்.

இப்போதெல்லாம் காலையில் தண்ணீர் பிடித்து வைத்ததும் அவள் முதல் வேலையாக முக்காலியைப் போட்டு ஏறி அந்த முடிச்சைப் பார்க்கிறாள். வால் வலப்பக்கமே இருக்கிறது. இறங்கிப் பட்டறைக்குப் போகிறாள்.